சிபேப் மாஸ்க் போட்டால் வாய் காய்கிறதா? முதலில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியே காற்றைத் தள்ளும் சிபேப் மெஷின் வீட்டுக்கு வந்த சில நாளில் குறட்டை நின்றுவிடும். ஆனால் விடிகாலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, விழுங்கக்கூட எச்சில் இல்லாமல் எழ வேண்டியிருக்கும். உடனே பலரும், தொட்டித் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஹியூமிடிஃபையரை உச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வாய்வழியாகக் காற்று ஒழுகிக்கொண்டிருந்தால் அது பலிக்காது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் தண்ணீருக்கு வருவோம்.

நடப்பது இதுதான். மெஷின் அழுத்தத்தோடு மூக்கில் காற்றைத் தள்ளுகிறது. தூக்கத்தில் தாடை தளர்ந்து வாய் திறந்துகொண்டால் அந்தக் காற்று மூக்கில் நுழைந்து, உள்நாக்கைத் தாண்டி, வாய்வழியே வெளியேறிவிடும். சாதாரண மூச்சில், உள்ளே போகும்போது மூக்கு கொடுக்கும் ஈரத்தில் ஒரு பங்கு வெளியே வரும்போது மூக்குக்கே திரும்பும். இங்கே காற்று ஒருவழிப் பாதையில் ஓடுவதால் மூக்கும் காய்கிறது, வாயும் காய்கிறது. காய்ந்த மூக்கு வீங்கி அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்தால் வாய் இன்னும் அகலமாகத் திறக்கும்.

கீழே உள்ளவற்றை ஒரே ராத்திரியில் எல்லாம் செய்துவிடாதீர்கள். ஒரு மாற்றம் செய்து மூன்று ராத்திரி பாருங்கள். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கத்தில் என்ன மாற்றினீர்கள், காலையில் வாய் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

படி 1: சாட்சி தேடுங்கள்

தூங்குகிறவருக்குத் தன் வாய் திறந்திருப்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். அப்பாவைப் பற்றி அம்மாவிடம் பிள்ளை இப்படிக் கேட்கலாம்:

"ஆத்தா, அப்பச்சி வாயத் திறந்துக்கிட்டா தூங்குறாக?"

"ஆமா, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வருது. பலூன்ல காத்து எறங்குற மாதிரி."

அந்தப் புஸ்ஸுதான் வாய்க் கசிவு. தனியாகப் படுப்பவர்கள் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் படுக்கலாம். ரெஸ்மெட் மெஷினாக இருந்தால் காலையில் திரையிலோ செயலியிலோ லீக் அளவைப் பாருங்கள். நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய லீக். வேறு கம்பெனி மெஷின்கள் வேறு விதமாகக் கணக்கிடும், இந்த எண்ணை அவற்றோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொரு சாட்சி தண்ணீர்த் தொட்டி. அதிகபட்சக் கோடு வரை நிரப்பி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். தண்ணீர் இறங்கவே இல்லை என்றால் ஹீட்டர் அணைந்திருக்கிறது, அல்லது அளவு மிகக் குறைவு. தொட்டி அடியோடு வற்றியிருந்தால் எங்கோ பெரிய ஒழுக்கு இருக்கிறது: லீக் கூடும்போது அதை ஈடுகட்ட மெஷின் அதிகக் காற்றைத் தள்ளும், அந்தக் காற்றோடு தண்ணீரும் போகும். கொஞ்சம் மிச்சம் இருந்தும் வாய் மட்டும் காய்ந்திருந்தால் அறையையும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும்.

படி 2: மூக்கைத் திறந்து வையுங்கள்

மூக்கு அடைத்தவரை வாயை மூடச் சொல்லிப் பயனில்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுங்கள். 250 மில்லி தண்ணீரை 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, அயோடின் சேர்க்காத தூள் உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகவும், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்துகொள்ளுங்கள். மூக்கு எரிந்தால் உப்பு கூடவோ குறையவோ இருக்கிறது. கிணறு, ஊருணி, மேல்தொட்டித் தண்ணீரைக் காய்ச்சாமல் மூக்கில் விடவே கூடாது. குடித்தால் ஒன்றும் செய்யாத கிருமி மூக்குவழி போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை 3 நாளுக்கு மேல் விடாதீர்கள். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும். அடைப்பு மாதக் கணக்கில் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உள்தண்டு வளைந்திருக்கலாம், அலர்ஜியாகவும் இருக்கலாம்.

படி 3: மாஸ்க்கைப் படுத்துக்கொண்டு பொருத்துங்கள்

உட்கார்ந்தபடி கண்ணாடி பார்த்து மாட்டிய மாஸ்க், படுத்ததும் இடம் மாறும். மெஷினை ஓடவிட்டு, வழக்கமாகப் படுக்கும் பக்கம் திரும்பிப் படுத்து, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, முகத்தில் படும் சிலிக்கான் குஷன் காற்றில் விரிந்த பின் மெதுவாக உட்கார வையுங்கள். பிறகு பட்டைகளை இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கன்னத்தில் பள்ளம் விழும் அளவுக்கு இறுக்கினால் சிலிக்கான் மடிந்து லீக் கூடத்தான் செய்யும்.

மாஸ்க்கின் முன்பக்கச் சின்னத் துளைகளில் எப்போதும் காற்று வரும். நீங்கள் விடும் மூச்சு வெளியேற அதுதான் வழி. லீக் என்று நினைத்து அதைப் பிளாஸ்திரி போட்டு மூடியவர்களும் உண்டு. மூடக்கூடாது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த ராத்திரி மாஸ்க் வழுக்கும். நெற்றியிலும் மூக்கின் ஓரத்திலும் சீயக்காய்க்குத் தப்பிய நல்லெண்ணெய் இருக்கும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். உதடு காய்கிறதே என்று நெய்யோ வாசலினோ தடவினால் அது குஷனைக் கெடுக்கும், மூக்குவழி நுரையீரலுக்கும் போகக்கூடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் கேட்டு வாங்குங்கள்.

பல் செட் வைத்திருக்கும் ஐயாக்களுக்கு ஒரு தனிக் கவனம்: செட்டோடு அளவு பார்த்து வாங்கிய மாஸ்க், ராத்திரி செட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தால் பொருந்தாது. கன்னம் உள்வாங்கி ஓரத்தில் இடைவெளி விழும். எப்படித் தூங்குவீர்களோ அப்படியே அளவு பாருங்கள்.

படி 4: வாய் இன்னும் திறந்தால்

மூக்கு மாஸ்க் போடுபவர்கள் முதலில் தாடைப் பட்டையை முயலலாம். தாடையின் கீழிருந்து உச்சந்தலைக்குப் போகும் இழுவைத் துணிப் பட்டை அது. தாடையைத் தாங்கினால் போதும், பல்லைக் கடிக்கவைக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. சிலருக்கு உதடு மட்டும் பிரிந்து காற்று வரும், அவர்களுக்குப் பட்டை உதவாது. அப்போது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க்குக்கு மாறுவதே சரி. முழு மாஸ்க்கிலும் வாய் திறந்தால் ஓரளவு காயும்தான், ஆனால் காற்று வெளியே ஓடி வீணாவது நிற்கும்.

இணையத்தில் பார்த்துவிட்டு வாயில் டேப் ஒட்டாதீர்கள். நடுராத்திரியில் மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ ஆபத்து. அழுத்தம் கூடுதலாக இருப்பதாலும் வாய் திறக்கலாம். மருத்துவர் குறித்த அழுத்தத்தை நீங்களாக மாற்றாமல், லீக் விவரத்தைக் காட்டிக் கேளுங்கள்.

படி 5: இப்போது தண்ணீருக்கு வருவோம்

ஹியூமிடிஃபையர் அளவை நடுவில் தொடங்குங்கள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 மாதிரியில் 1 முதல் 8 வரை உண்டு. 4-இல் ஆரம்பித்து, மூன்று ராத்திரிக்கு ஒரு படி ஏற்றுங்கள். சூடேறும் டியூப் இருந்தால் அதன் வெப்பத்தை 16 முதல் 30 டிகிரி வரை வைக்கலாம்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் இந்தப் பக்கம் வாக்குவாதம் வரும். காரைக்குடிக்காரர்களுக்குத் தங்கள் ஊர்த் தண்ணீர் இனிப்பு என்ற பெருமை உண்டு. அந்தத் தண்ணீரை மெஷினில் ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். நாக்குக்கு இனிப்பது வேறு, தாது உப்பு இல்லாதது வேறு. ஹீட்டர் தண்ணீரை ஆவியாக்கும்போது உப்பு மட்டும் தங்கி, தொட்டியின் அடியில் வெள்ளைப் படலமாகப் படியும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆர்ஓ தண்ணீரில் படலம் குறையும், முழுக்க நிற்காது.

சரியானது டிஸ்டில்டு வாட்டர், அதாவது ஆவியாக்கி வடித்த தண்ணீர். ராத்திரிக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆகும் என்று வைத்தால் 5 லிட்டர் கேன் 16 ராத்திரிக்கு வரும். பேட்டரிக் கடைத் தண்ணீர் வேண்டாம், அது மூச்சில் கலப்பதற்காகத் தயாரித்தது அல்ல. கேன் தீர்ந்துபோன ஒன்றிரண்டு நாளுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். சுடச்சுட ஊற்றக் கூடாது.

தொட்டியில் நீலகிரித் தைலம், விக்ஸ், கற்பூரம், துளசி எதுவும் போடக் கூடாது. வாசனையாக இருக்கும். ஆனால் அந்த ஆவி ராத்திரி முழுக்க அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் போகும், பிளாஸ்டிக்கும் கெடும்.

தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காயவையுங்கள். முற்றத்து வெயில் வேண்டாம், சிலிக்கானும் பிளாஸ்டிக்கும் வெடிக்கும். வாரம் ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் வெள்ளைப் படலம் போய்விடும். செம்மண் புழுதி பறக்கும் ஊர், ஃபில்டரை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

படி 6: அறையும் தரையும்

சித்திரை வைகாசியில் பட்டாலைக் கூடத்தில் படுக்க முடியாமல், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு சின்ன அறைக்கு ஏசி போட்டிருப்பார்கள். ஏசி அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனால் வாய் காயும். ஹியூமிடிஃபையரைக் கூட்டினால் இன்னொரு தொல்லை: டியூப்புக்குள் இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த டியூப் சுவரில் பட்டுத் தண்ணீராகி, களகளவென்று சத்தம் போட்டு மூக்கில் தெறிக்கும். ஏசியை 25, 26 டிகிரிக்கு ஏற்றி, டியூப்பின் மேல் பழைய வேட்டித் துணியில் தைத்த உறையைப் போடுங்கள், அல்லது போர்வைக்குள் விடுங்கள்.

மெஷின் எப்போதும் தலையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கட்டிலில் படுப்பவர்களுக்கு இது எளிது. ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் மெஷினை மேசைமேல் வைத்தால் டியூப்பில் சேரும் தண்ணீர் நேராக முகத்துக்கு இறங்கும். மெஷினையும் தரையில் ஒரு மணைப்பலகை மேல் வைத்துவிட்டு, டியூப்பின் நடுப்பகுதியைத் தலைக்கு மேலே ஒரு ஆணியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பாய்க்குப் பதில் மெத்தை போட்டால் உயர வித்தியாசமும் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் காய்ந்தால் மாத்திரைச் சீட்டை எடுங்கள். அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இவற்றில் பல வாயைக் காயவைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் நேரம் மாற்றலாமா என்று கேளுங்கள். பகலிலும் வாய் காய்ந்து தாகம் எடுத்தால் சர்க்கரை பாருங்கள். கண்ணும் சேர்ந்து காய்ந்தாலோ, நாக்கில் வெள்ளைத் திட்டு வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். படுக்கும் முன் பல் துலக்கி, ஆல்கஹால் இல்லாத கொப்பளிப்பு நீரைப் பயன்படுத்துங்கள். இனிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு தூங்க வேண்டாம்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓட்டும் ராத்திரிகளில், காற்றுத் தள்ளும் மோட்டாரைவிட ஹீட்டர்தான் பல மடங்கு மின்சாரம் குடிக்கும். பேட்டரி விடியும்வரை தாங்காது என்று தெரிந்தால் ஹீட்டரை மட்டும் அணைத்துவிட்டு, ஏசி இல்லாத அறையில் மாஸ்க்கோடு படுங்கள். ஒரு ராத்திரி வாய் கொஞ்சம் காய்ந்தாலும் பரவாயில்லை, மெஷின் ஓடட்டும். கல்யாணத்துக்குச் சொந்த ஊர் போகும்போது தொட்டியைத் தனியாகக் கழற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்துப் பைக்குள் வையுங்கள். தண்ணீரோடு சாய்ந்தால் அது நேராக மோட்டாருக்குள் போகும்.