தோள்பட்டை இறுகிவிட்டதா? வீட்டில் செய்யும் நான்கு பயிற்சிகள்

அம்மாவால் சடை பின்ன முடியாமல் போனதுதான் முதல் அறிகுறி. அப்புறம் இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்தாலே வலியில் விழித்துக்கொள்வார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும் நோய் இது. 40 முதல் 60 வயதில் அதிகம் வரும். சர்க்கரை, தைராய்டு இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை.

முதலில் நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலி மிகுந்த கட்டம், வலி குறைந்து கை இறுகிய கட்டம், மெல்ல இளகும் கட்டம் என மூன்று உண்டு. எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். வலிக் கட்டத்தில் கையை இழுக்கவே கூடாது. தெரிந்தவர் ஒருவர் எண்ணெய் தேய்த்து அம்மாவின் கையை வலுவாக இழுத்துவிட்டார். இரண்டு இரவு தூக்கமே இல்லை.

சரி, தொடங்கலாம். முதலில் 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம், அதனால் வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

முதல் பயிற்சி ஊசல். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கை கிணற்றுக் கயிறு போலத் தளர்வாகத் தொங்கட்டும். உடம்பை லேசாக அசைத்தால் கை தானே ஆடும். சிறு வட்டமாக இரு பக்கமும் பத்துப் பத்து. வலிக் கட்டத்தில் பெரும்பாலும் இது மட்டுமே போதும்.

அடுத்தது கம்பு. ஒட்டடைக்கம்பை வெட்டிக்கொண்டாலும் சரி. மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டை வையுங்கள். கம்பை இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் தள்ளி, மற்ற முன்கையை வெளிப்பக்கம் சாய்த்துவிடுங்கள். இறுக்கம் தெரியும் இடத்தில் 15 நொடி நிறுத்துங்கள். இந்தத் திருப்பம்தான் அதிகம் குறைந்திருக்கும், இதைத் தவிர்க்காதீர்கள்.

மூன்றாவது, சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏறுவது. இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள்: கை ஏறாதபோது தோளைக் காதுவரை தூக்கி, ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அம்மாவும் அப்படித்தான். பிசியோ அவர் தோள்மேல் இரண்டு விரலை வைத்து, "இது எழும்பாம ஏறுங்கம்மா" என்றார். உயரம் ஒரு சாண் குறைந்தது. அந்த இடத்தில்தான் முதல் பென்சில் கோடு போட்டோம்.

நான்காவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது. வலி நன்றாகத் தணிந்த பிறகே இது.

தினமும் இரண்டு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. செய்யும்போது இழுப்பு தெரியலாம். அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பாருங்கள். விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சல், கை மரத்துப்போவது இருந்தால் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

எட்டாவது மாதம் அம்மா தானே சடை பின்னிக்கொண்டார். முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் முழுதாக எட்டவில்லை, துண்டு தினமும் கொடியிலிருந்து இறங்குகிறது.