சென்ட் ஃபோல்டரில் இருக்கிறது, போய்ச் சேரவில்லை: போன் மெயில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மெயில் அனுப்பியாயிற்று, சென்ட் ஃபோல்டரிலும் தெரிகிறது, ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் "வரவே இல்லை" என்கிறார். உடனே ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுவதுதான் பலரின் வழக்கம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். போனை விட்டு இன்னும் வெளியேறாத மெயில்கள் இருந்தால் ஆப்போடு சேர்ந்து அவையும் அழிந்துவிடும். சிக்கல் போனில் இல்லையென்றால் ஆப்பை மாற்றியும் பயனில்லை.

மெயில் நான்கு இடங்களில் நிற்கலாம்: உங்கள் போன், உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர், பெறுபவரின் சர்வர், பெறுபவரின் மெயில்பாக்ஸுக்குள் ஏதாவது ஒரு ஃபோல்டர். எந்த இடம் என்று தெரிந்தபிறகே செட்டிங்ஸில் கை வையுங்கள்.

இரண்டு சோதனை மெயில்கள்

முதல் சோதனை: போன் ஆப்பிலிருந்து, வேறு நிறுவனத்தில் உங்களுக்கு உள்ள இன்னொரு முகவரிக்கு அனுப்புங்கள். ஜிமெயில் என்றால் யாஹூவுக்கோ அவுட்லுக்குக்கோ. அட்டாச்மென்ட் வேண்டாம், லிங்க் வேண்டாம், கையெழுத்துப் பகுதியும் வேண்டாம். இரண்டு வரி போதும். சப்ஜெக்ட்டில் நேரத்தை எழுதிவிடுங்கள், பிறகு தேடச் சுலபம்.

இரண்டாவது சோதனை: அதே கணக்கை பிரவுசரில் திறந்து, "வரவில்லை" என்று சொன்னவருக்கே அதே இரண்டு வரியை அனுப்புங்கள்.

பிரவுசரில் அனுப்பியது போகிறது, ஆப்பில் அனுப்பியது போகவில்லை என்றால் கோளாறு ஆப்பின் அனுப்பும் செட்டிங்கில். இரண்டு வழியிலும் அந்த ஒருவருக்கு மட்டும் போகவில்லை என்றால் அவர் பக்கத்தில், அல்லது அவருடைய முகவரியில். இரண்டு வழியிலும் யாருக்குமே போகவில்லை என்றால் உங்கள் கணக்கிலோ டொமைனிலோ (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்). இரண்டு சோதனையும் நன்றாகவே போய்விட்டால் முதலில் அனுப்பிய மெயிலின் அட்டாச்மென்ட்டையும் அதிலிருந்த லிங்க்குகளையும் சந்தேகப்படுங்கள்.

போனை விட்டே வெளியேறாதவை

அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஜிமெயில் ஆப்பில் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டால் பட்டியலில் வரும். ஐபோனின் மெயில் ஆப்பில், அனுப்பாத மெயில் இருக்கும்போது மட்டுமே அவுட்பாக்ஸ் என்ற பெயரே தென்படும். ஷெட்யூல்டு ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள். அனுப்பு பட்டனுக்குப் பக்கத்தில் விரல் பட்டு நாளைக் காலைக்குத் திட்டமிடப்பட்ட மெயில்கள் அங்கே காத்திருக்கும்.

ஜிமெயிலில் "க்யூடு" (வரிசையில் காத்திருக்கிறது) என்று நின்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். ஆப் செட்டிங்ஸில் அந்தக் கணக்குக்குள் சென்று, சிங்க் ஜிமெயில் டிக் ஆகியிருக்கிறதா? போனின் டேட்டா சேவர் ஆன் ஆகியிருக்கிறதா? ஆப்பின் பேட்டரி செட்டிங் "ரெஸ்ட்ரிக்டட்" என்று இருக்கிறதா? ஷாவ்மி போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று தனி அனுமதியும் உண்டு. அனுப்பு பட்டனைத் தொட்ட கையோடு ஆப்பை மூடுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்: பெரிய ஃபைல் ஏறி முடிவதற்குள் போன் ஆப்பைத் தூங்க வைத்துவிடும்.

அட்டாச்மென்ட் அளவில் பலரும் ஏமாறுகிறார்கள். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் எந்த ஃபைலும் மெயிலில் போகும்போது எழுத்துக் குறியீடாக மாற்றப்படுகிறது. அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. போனில் 20 எம்பி என்று காட்டும் ஸ்கேன் பிடிஎஃப், மெயிலுக்குள் கிட்டத்தட்ட 27 எம்பி. பல அலுவலக சர்வர்களின் வரம்பு 10 எம்பிதான். ஆகவே 7 எம்பிக்கு மேல் போனால் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புவதே மேல். ஏபிகே, இஎக்ஸ்இ ஃபைல்களை ஜிமெயில் ஏற்கவே ஏற்காது. ஜிப் செய்து அனுப்பினாலும் உள்ளே பார்த்துத் தடுத்துவிடும்.

சிக்கிய மெயிலை எடுக்க: ஏரோபிளேன் மோடை ஆன் செய்து, அவுட்பாக்ஸில் அந்த மெயிலைத் திறந்து, எழுதியதைக் காப்பி செய்து வேறெங்காவது ஒட்டிவிட்டு, மெயிலை அழியுங்கள். பிறகு மோடை ஆஃப் செய்து புதிதாக அனுப்புங்கள். ஆப்பின் கேஷை அழிப்பதில் ஆபத்தில்லை. "க்ளியர் டேட்டா" வேறு. அது அவுட்பாக்ஸையும் துடைத்துவிடும்.

இன்னொன்று, ஸ்டோரேஜ். கூகுளின் இலவச 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. போட்டோக்களால் அது நிரம்பினாலும் மெயில் போகாது, வராது. இதே காரணத்தால் எதிராளிக்கும் வராமல் போகலாம்.

அனுப்பும் சர்வர் செட்டிங்

மெயிலைப் பெறுவது ஒரு சர்வர், அனுப்புவது இன்னொரு சர்வர். இன்பாக்ஸில் எல்லாம் ஒழுங்காக வருகிறது என்பதால் அனுப்பும் பக்கமும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சொந்த டொமைன் முகவரியை ஆப்பில் கையால் சேர்த்திருந்தால் இங்கே கவனமாகப் பாருங்கள்.

போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும் வாசலின் எண். அது 587 என்றால் பாதுகாப்பு வகை ஸ்டார்ட்டிஎல்எஸ். 465 என்றால் எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ். ஜோடி மாறினால் இணைப்பு தொங்கிக்கொண்டே இருந்து அறுந்துவிடும். 25 என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்: அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையில் ஓடும் போர்ட், ஸ்பேமைத் தடுக்கப் பல நெட்வொர்க்குகள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. ஆபீஸ் வைஃபையில் போகிறது, மொபைல் டேட்டாவில் போகவில்லை என்றால் முதல் சந்தேகம் போர்ட் மீதும், விபிஎன் மீதும்.

யூசர்நேம் இடத்தில் முழு முகவரி வேண்டும். "ஆதென்டிகேஷன் ரிக்வயர்டு" ஆன் ஆகியிருக்க வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 535 என்ற பிழை வந்தால், பழைய ஆப்பை அந்த நிறுவனம் இப்போது அனுமதிப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டு வழி 2022 மே மாதத்தோடு நின்றது. தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டம்பரில். கணக்கை நீக்கிவிட்டு, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் என்ற பட்டனைத் தொட்டு லாகின் பக்கம் வழியாகச் சேருங்கள். அதற்கு வழியில்லாத பழைய ஆப் என்றால், ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஐபோனில் ஒரு செட்டிங் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது, எத்தனையோ மெயில்கள் காணாமல் போக அதுவே காரணம். செட்டிங்ஸில் மெயில் கணக்குகளுக்குள் போய், உங்கள் கணக்கைத் தொட்டு, கீழே எஸ்எம்டிபி (SMTP, அனுப்பும் சர்வர்) என்ற வரியைத் திறங்கள். மேலே முதன்மை சர்வர். அதன் கீழே "மற்ற எஸ்எம்டிபி சர்வர்கள்" என்று, போனில் உள்ள பிற கணக்குகளின் சர்வர்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று ஆன் ஆகியிருந்தால், முதன்மை சர்வர் பதில் தராதபோது போன் அந்த வழியாக அனுப்பிவிடும். உங்கள் கம்பெனி முகவரியிட்ட மெயில், சம்பந்தமே இல்லாத சர்வரிலிருந்து புறப்படுகிறது. போனைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, சென்ட் ஃபோல்டரிலும் வந்துவிட்டது. பெறும் சர்வரோ போலி என்று நினைத்து ஸ்பேமில் தள்ளும், அல்லது ஓசையின்றிக் கழித்துவிடும். ஜிமெயில் சர்வர் வழியாகப் போயிருந்தால் அனுப்புநர் முகவரியையே உங்கள் ஜிமெயில் முகவரியாக மாற்றிவிடும். எதிராளி கம்பெனி பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? முதன்மை சர்வரை மட்டும் ஆனில் வைத்து மற்ற அனைத்தையும் ஆஃப் செய்யுங்கள். இனி கோளாறு வந்தால் மெயில் அவுட்பாக்ஸில் நிற்கும், உங்களுக்குத் தெரியவும் வரும்.

திரும்பி வந்த மெயிலைப் படியுங்கள்

"மெயிலர் டீமன்" பெயரில் வரும் மெயிலை யாரும் படிப்பதில்லை. காரணம் அதற்குள்தான் எழுதியிருக்கும். இன்பாக்ஸில் இல்லையென்றால் உங்கள் ஸ்பேமிலும் தேடுங்கள். நடுவில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை: சர்வர் தானாகவே மறுபடி முயலும், பொதுவாக 4, 5 நாள் வரை. அதற்குள் நீங்களும் திரும்பத் திரும்ப அனுப்பினால் கடைசியில் எதிராளிக்கு ஒரே மெயில் நான்கு முறை வரும். முதன்முறையாக எழுதும் முகவரிக்குச் சில சர்வர்கள் வேண்டுமென்றே இப்படிக் காக்க வைக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும்.

5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 552 5.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது. 552 5.3.4 என்றால் மெயில் பெரிது. 550 5.7.26 என்றால் உங்கள் டொமைனின் அடையாளச் சோதனை தோற்றது. தனிநபர் ஜிமெயிலில் ஒரே நாளில் 500 பேருக்கு மேல் அனுப்பினாலும் தடை விழும், 24 மணி நேரத்துக்குள் நீங்கிவிடும்.

இப்படித் திரும்பி வரும் பவுன்ஸ் மெயிலே வராவிட்டால் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். போன் தானாக நிரப்பும் பழைய முகவரி, அவர் விட்டுவிட்டுப் போன கம்பெனியின் முகவரியாக இருக்கும். டொமைனில் ஒரு எழுத்து இடம் மாறினால், அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கி வைத்திருந்து மெயிலைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளவும் கூடும்.

சொந்த டொமைன் வைத்திருப்போருக்கு

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மெயில் உண்மையிலேயே அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப் (SPF), டிகிம் (DKIM) இரண்டில் ஒன்றாவது இல்லாத மெயிலை ஏற்கத் தயங்குகின்றன. உங்கள் சோதனை மெயிலை ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, பிரவுசரில் டெஸ்க்டாப் பார்வையில் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு "ஷோ ஒரிஜினல்" கொடுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், இவற்றைச் சார்ந்த டிமார்க் (DMARC) சோதனை, மூன்றுக்கும் எதிரே "பாஸ்" இருக்க வேண்டும். இணையதளம் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் மெயிலிலிருந்து ஸோஹோவுக்கோ கூகுளுக்கோ மாறியவர்கள், டொமைன் செட்டிங்ஸில் உள்ள பழைய எஸ்பிஎஃப் வரியை விட்டுவிட்டு இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பதுண்டு. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான் செல்லும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாக இணையுங்கள்.

அதே மாற்றத்தில் இன்னொரு பொறி. வெளியாட்களுக்கு மெயில் போகிறது, சொந்த ஆபீசில் இருப்பவருக்கு மட்டும் போகவில்லை, பவுன்ஸும் இல்லை என்றால் இதுதான். உங்கள் போன் இன்னும் பழைய ஹோஸ்டிங் சர்வர் வழியாக அனுப்புகிறது. அந்த சர்வரோ டொமைனின் பெட்டிகள் இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைத்து, யாரும் திறக்காத பழைய பெட்டியில் போட்டுவிடுகிறது. போனில் அனுப்பும் சர்வரைப் புதியதற்கு மாற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் ஈமெயில் ரவுட்டிங் பகுதியில் லோக்கல் என்பதை ரிமோட் ஆக்குங்கள். பழைய பெட்டியை வெப்மெயிலில் ஒருமுறை திறந்து பாருங்கள். தொலைந்ததாக நினைத்தவை அங்கே கிடைக்கும்.

எதிராளி தேட வேண்டிய இடங்கள்

ஸ்பேம், ப்ரமோஷன்ஸ், ட்ராஷ் மூன்றிலும் உங்கள் முழு முகவரியைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். அவருடைய ஃபில்டர்களையும் பிளாக் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்தும் அலுவலகம் என்றால் குவாரன்டைன் என்று தனி இடம் உண்டு. ஜங்க் ஃபோல்டரில் அது தெரியாது, அட்மின்தான் விடுவிக்க வேண்டியிருக்கும்.

அதற்கும் கிடைக்கவில்லையா? சென்ட் ஃபோல்டரில் உள்ள மெயிலின் ஒரிஜினலைத் திறந்து, மெசேஜ் ஐடி என்ற வரியைக் காப்பி செய்யுங்கள். அதோடு அனுப்பிய நேரம், இரு முகவரிகள், பவுன்ஸ் இருந்தால் அதன் முழு வாசகம், இவற்றை உங்கள் மெயில் அட்மினிடம் கொடுங்கள். சிபேனலில் டிராக் டெலிவரி, கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஈமெயில் லாக் சர்ச், மைக்ரோசாஃப்டில் மெசேஜ் ட்ரேஸ் என எல்லா இடத்திலும் பதிவு பார்க்கும் வசதி உண்டு. "டெலிவர்டு" என்று எதிர் சர்வரின் 250 (ஏற்றுக்கொண்டேன்) பதிலோடு பதிவு இருந்தால், அந்த வரியை அப்படியே பெறுபவரின் அட்மினுக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு தேட வேண்டியது அவர்கள் பக்கம். இந்தப் பதிவுகளைச் சர்வர்கள் சில நாட்களோ சில வாரங்களோதான் வைத்திருக்கும் என்பதால் தாமதிக்காமல் கேளுங்கள்.