இஞ்சினில் ‘டக் டக்’ சத்தமா? ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நீங்களே பார்க்கலாம்

முதல் வேலை, இஞ்சின் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவுவது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். பத்து நிமிடம் கழித்துக் குச்சியைத் துடைத்து, மீண்டும் நுழைத்து எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே என்றால் நிரப்பிவிட்டுத்தான் மற்ற சோதனை. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்டு, சூடேறியதும் அடங்கினால் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவதாக இருக்கலாம். புகைக்குழாய் இணைப்பை அடைக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கட் கசிந்தாலும் இப்படித்தான் ஏமாற்றும். மேட்டில் நாலாவது கியரிலேயே அழுத்தும்போது மட்டும், டப்பாவில் சில்லறையைக் குலுக்குவதுபோல் கேட்டால் பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிக்கிறது. கியரைக் குறைத்தால் நின்றுவிடும். வழக்கமாகப் போடுவதைவிட ஆக்டேன் எண் (தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) கூடிய பெட்ரோலை ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால் உள்ளே கரி படிந்திருக்கலாம்.

எப்போதும் கேட்கும் சத்தம் என்றால் தாளத்தைக் கவனியுங்கள். நியூட்ரலில், 800 ஆர்பிஎம்மில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு அதில் பாதி வேகம்தான். மேலிருந்து தையல் மெஷின்போல் மெலிதாக, நிதானமான தாளத்தில் வந்தால் வால்வைத் தள்ளும் டேப்பெட், அவசரமில்லை. அடியிலிருந்து கனமாக, அதைப்போல் இருமடங்கு வேகத்தில் சுத்தியல் அடி விழுந்தால், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரைச் சற்று ஏற்றிவிட்டுக் காலை எடுக்கும்போது இது உரக்கக் கேட்கும். சந்தேகம் வந்ததும் அணைத்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டே போனால் ராட் முறிந்து இஞ்சினின் உடலான பிளாக்கையே துளைக்கலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீண்ட ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை வால்வு மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால் உள்ளே நடப்பது வியப்பூட்டும் தெளிவில் கேட்கும். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது. ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும்.

அடியிலும் குனிந்து பாருங்கள். பேரிங் போய்விட்டதென்று நான் இரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன். கடைசியில் சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத் தகட்டில் ஒரு போல்ட் கழன்றிருந்தது.

குளிர்ந்த இஞ்சினில் மட்டும் வரும் சத்தம் என்றால், வண்டியை இரவே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். காலையில் மெக்கானிக்கே முதல் ஸ்டார்ட் செய்து கேட்கட்டும்.