திகில் விளையாட்டுத் தள்ளுபடியில் விலையையும் விமர்சனங்களையும் படித்து வாங்கும் முறை

ஹாலோவீனை ஒட்டி அக்டோபர் கடைசி வாரத்தில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை நடத்தும் ‘ஸ்க்ரீம்’ தள்ளுபடி, அதன் கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளைப் போல எல்லா வகைக் கணினி விளையாட்டுகளுக்கும் உரியதன்று. பேய், கொலை, உயிர்தப்பும் போராட்டம் என்று அச்சத்தை மையமாகக் கொண்டவையே அதில் முன்வரிசையில் நிற்கும். 2025-இல் அது அக்டோபர் 27 முதல் நவம்பர் 3 வரை நடந்தது. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்குவதால், இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 10.30 மணிக்குத்தான் விலைகள் மாறும். அன்று மாலையே பக்கத்தைத் திறந்து, ஒன்றும் குறையவில்லையே என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. மாறிய பிறகும் அவசரம் வேண்டாம். சில மணி நேரம் மட்டும் நீடித்த மின்னல் விலைகளை ஸ்டீம் 2015 இறுதியிலேயே கைவிட்டுவிட்டது. பொதுவாக முதல் இரவில் காணும் விலைதான் கடைசி நாளிலும் இருக்கும். ஆகவே ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதன் பெரும்பகுதியைப் படிப்பதற்கும் கடைசி ஒரு நாளை வாங்குவதற்கும் வைத்துக்கொள்வதே நல்லது.

முதலில் விலை. பச்சைக் கட்டத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் சதவீதம், உண்மையில் அந்தப் பக்கத்திலேயே குறைவான தகவலைத் தரும் எண்ணாகும். எழுபத்தைந்து சதவீதத் தள்ளுபடி என்பது, அதே விளையாட்டு கடந்த மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு தள்ளுபடியிலும் இதே விலைக்குத்தான் விற்றது என்றால், ஒரு செய்தியே அல்ல. ஸ்டீம்டிபி என்ற தளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடினால் அதன் விலை வரலாறு படிக்கட்டுக் கோடாகத் தெரியும்; நாணயத்தை மட்டும் சரியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இந்தியக் கணக்குகளுக்கு 2015 முதல் ரூபாயிலும் இலங்கைக் கணக்குகளுக்கு டாலரிலும் தனித்தனியே விலை வைக்கப்படுவதால், டாலரில் மாறாத விலை ரூபாயில் ஏறியிருக்கக்கூடும். கோட்டின் மிகத் தாழ்ந்த படி எது, அது எத்தனை முறை வந்திருக்கிறது, கடைசியாக எப்போது வந்தது ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். இன்றைய விலை அந்தப் படியைத் தொட்டிருந்தால் வாங்கலாம். தொடவில்லை என்றால், டிசம்பரில் குளிர்காலத் தள்ளுபடி வருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஜவுளிக் கடையில் விலைச்சீட்டை ஏற்றி ஒட்டிவிட்டுப் பிறகு அடித்துக் குறைப்பதைப் போல இங்கும் நடக்கிறது என்ற புகார் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. ஸ்டீமின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. விலையை உயர்த்திய விளையாட்டுக்கு அடுத்த 30 நாட்களுக்குத் தள்ளுபடி அறிவிக்க முடியாது. புதிதாக வெளியானதற்கும், வெளியீட்டுச் சலுகை தவிர, முதல் 30 நாட்கள் அப்படித்தான். ஒரு தள்ளுபடி முடிந்த பின் அடுத்ததற்கு 30 நாள் இடைவெளி வேண்டும் என்பதும் விதி. நான்கு பெரிய பருவத் தள்ளுபடிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்பதை முடிவு செய்வது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அல்ல, அந்தந்த விளையாட்டின் வெளியீட்டாளரே. இவற்றைத் தெரிந்துகொண்டு வாடிக்கையாளர்களின் முணுமுணுப்பைப் படித்தால் அதில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். ‘நான் காத்திருந்த விளையாட்டை மட்டும் சேர்க்கவில்லை’ என்பவருக்கு, அது செப்டம்பர் இறுதியில் வேறொரு தள்ளுபடியில் இருந்ததா என்று பார்க்கச் சொல்லலாம். ‘பத்து சதவீதம் ஒரு குறைப்பா’ என்று கேட்பவர் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு முன் வெளியான ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘போன ஆண்டு வந்த அதே பட்டியல்’ என்ற குறையில் மட்டும் உண்மை இருக்கிறது. முகப்பில் வருபவை பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாக விற்றவை. அதனால் வகைக் குறிச்சொற்களைத் திறந்து, ‘சைக்காலஜிக்கல் ஹாரர்’, ‘சர்வைவல் ஹாரர்’ என்று பிரித்து, இரண்டாம் மூன்றாம் பக்கங்கள் வரை போய்த் தேட வேண்டும்.

அடுத்தது விமர்சனங்கள். ஸ்டீமில் நட்சத்திரங்கள் கிடையாது. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டே வாக்குகள்தான். ‘ஓவர்வெல்மிங்லி பாசிட்டிவ்’ என்ற பட்டம், குறைந்தது 500 விமர்சனங்களில் 95 சதவீதமோ அதற்கு மேலோ பரிந்துரைத்தவை என்பதைக் குறிக்கிறது. ‘மிக்ஸ்டு’ என்பது 40 முதல் 69 சதவீதம் வரை. ஆக, நூறு பேரில் அறுபத்தொன்பது பேர் பரிந்துரைத்த விளையாட்டும் நாற்பது பேர் மட்டுமே பரிந்துரைத்த விளையாட்டும் ஒரே மஞ்சள் எழுத்தைச் சுமக்கின்றன. திகில் வகையில் இந்த மஞ்சள் எழுத்துக்காரர்களை உடனே ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. பயம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஒருவர் மெதுவாக நகர்கிறது என்று திட்டும் அதே காரணத்துக்காக இன்னொருவர் கொண்டாடுவார்.

பட்டத்தைக் கடந்து ஒரு தனி விமர்சனத்தை அருகில் வைத்துப் பாருங்கள். மேலே கட்டைவிரல் சின்னம், அதற்குக் கீழே, எழுதியவர் மொத்தம் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்ற எண்ணும், அடைப்புக்குறிக்குள் விமர்சனம் எழுதும்போது எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்ற எண்ணும் இருக்கும், பிறகு தேதி. இலவசமாகப் பெற்றவர், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் என்ற குறிப்புகளும் சிலவற்றில் காணப்படும். ‘பரிந்துரைக்கவில்லை’ என்று எழுதியபோது 0.4 மணி, இப்போது மொத்தம் 38 மணி என்றிருந்தால், அவர் எதையோ திட்டிவிட்டு அதையே தொடர்ந்து விளையாடியிருக்கிறார். திட்டியது பெரும்பாலும் தொடக்கத்தில் இருந்த தொழில்நுட்பக் கோளாறாக இருக்கும். மாறாக, 14 மணி நேரத்தில் முடித்துவிட்டு அன்றே கீழ்நோக்கிய கட்டைவிரலைப் போட்டவர் பேசுவது பெரும்பாலும் கதையின் பிற்பகுதியைப் பற்றியதாக இருக்கும். இந்த இரண்டாம் வகை விமர்சனம்தான் வாங்குபவருக்குப் பயன்படும். எதிர்மறை விமர்சனங்களை மட்டும் வடிகட்டி, அவற்றில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்களுடையதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே குறை மூன்று பேரிடம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ‘ஏலியன்: ஐசொலேஷன்’ போன்ற பெரிதும் பாராட்டப்படும் விளையாட்டிலும், தேவைக்கு மேல் நீள்கிறது என்ற குறை இப்படித்தான் கண்ணில் படும், அது உங்களுக்குக் குறையா நிறையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தேதி முக்கியம் என்பதற்கு ‘தி கலிஸ்டோ புரோட்டோகால்’ நல்ல உதாரணம். 2022 டிசம்பர் 2-இல் வெளியானபோது கணினியில் படம் விட்டுவிட்டுத் திணறியதால் முதல் நாளிலேயே ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. அதைச் சரிசெய்யும் பேட்ச்கள், அதாவது திருத்தக் கோப்புகள், பின்னர் வந்தன. இன்று வாங்குபவருக்கு அந்த முதல் நாள் கோபம் பயன்படாது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. 2024 ஜனவரியில், பல ஆண்டுகளுக்கு முன் வெளியான ‘ரெசிடெண்ட் ஈவில் ரெவலேஷன்ஸ்’ விளையாட்டில் கேப்காம் நிறுவனம் ஒரு நகல்தடுப்பு மென்பொருளைச் சேர்க்க, வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்து விமர்சனங்களில் அதைக் காட்டினார்கள். நிறுவனமும் அந்தப் பேட்சைத் திரும்பப் பெற்றது. இத்தகைய ஏற்ற இறக்கங்களைப் பார்க்க, விமர்சனப் பகுதியில் உள்ள வரைபடத்தைத் திறக்க வேண்டும். நீலத் தூண்கள் மேலேயும் சிவப்புத் தூண்கள் கீழேயும் நிற்கும். ஏதாவது ஒரு மாதத்தில் சிவப்பு திடீரென்று நீண்டிருந்தால் அதைச் சொடுக்கி, அந்த மாதத்து விமர்சனங்களை மட்டும் படியுங்கள். விளையாட்டுக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் கூட்டமாகப் போடப்பட்ட வாக்குகளை 2019 மார்ச் முதல் வால்வ் அடையாளம் கண்டு மொத்தக் கணக்கிலிருந்து நீக்கிவருகிறது என்றாலும், நகல்தடுப்பு மென்பொருள் போன்றவை தொடர்பில்லாதவையா என்பது உங்கள் பார்வையைப் பொறுத்தது.

விமர்சனங்களிலிருந்து பொதுத் தரத்தை அறிவதோடு நிறுத்திக்கொண்டால், திகில் வகைக்கு அது போதாது. என்ன விதமான பயம் என்பதை அறிய வேண்டும். திடீரென்று முகத்துக்கு நேரே பாயும் ஜம்ப் ஸ்கேர்களை நம்பியதா, துரத்தலை நம்பியதா, மெல்லக் கூடிவரும் மனக்கலக்கத்தை நம்பியதா என்பதை விமர்சகர்கள் நேராகவே எழுதிவிடுவார்கள். ‘பயமே இல்லை’ என்று மட்டும் எழுதியிருப்பவரைக் கடந்து செல்லுங்கள், ‘இரண்டாம் பாதியில் அந்த உருவத்துக்குப் பழகிவிடுகிறோம்’ என்று எழுதியிருப்பவரிடம் நில்லுங்கள். இதயம் படபடக்க ஓடுவது பிடிக்காது, ஆனால் கதை வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சுவீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் 2015-இல் வெளியிட்ட ‘சோமா’ விளையாட்டில், அங்கு உலவும் உருவங்கள் உங்களைக் கொல்லாத பாதுகாப்பு முறை ஒன்றை 2017 டிசம்பரில் சேர்த்தார்கள். வாங்கும் முன் இத்தகைய வசதி உண்டா என்று விமர்சனங்களிலேயே தேடிப் பாருங்கள். கடையின் விளம்பர வாசகத்தில் அது பெரும்பாலும் இருக்காது.

குழுவாக விளையாடுபவற்றை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த ‘ஃபாஸ்மோபோபியா’வின் பாராட்டுரைகளில் பெரும்பகுதி நண்பர்களோடு கத்திக்கொண்டே விளையாடியதைப் பற்றியவை, உங்களோடு சேர மூன்று பேர் இல்லையென்றால் அந்தப் பாராட்டு உங்களுக்குப் பொருந்தாது. ‘டெட் பை டேலைட்’ போன்றவற்றில் அடிப்படை விளையாட்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் புகழ்பெற்ற திரைப்படக் கொலையாளிகள் ஒவ்வொருவரும் தனி டிஎல்சியாக, அதாவது தனியே வாங்க வேண்டிய கூடுதல் பகுதியாக, காசு கேட்பார்கள். கூடையில் போடும்போது மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். அடிமட்ட விலையைக் கண்டால் காரணத்தையும் கேளுங்கள். ‘ஃபிரைடே தி தர்ட்டீன்த்’ விளையாட்டின் விலை 2023-இல் வெகுவாகக் குறைக்கப்பட்டதற்குக் காரணம், உரிமம் முடிந்து அவ்வாண்டு டிசம்பர் 31-உடன் அதன் விற்பனையே நிற்கவிருந்ததுதான்.

ஸ்டீமுக்கு வெளியே, போலந்தில் தோன்றிய ஜிஓஜி கடையும் ஹாலோவீன் தள்ளுபடி நடத்துகிறது. பழைய திகில் விளையாட்டுகளுக்கு அதையே முதலில் பார்ப்பது என் வழக்கம்: ‘சைலண்ட் ஹில் 4’ 2020-இலும், 1996-இன் முதல் ‘ரெசிடெண்ட் ஈவில்’ 2024-இலும் அங்கே இன்றைய கணினிகளில் ஓடும்படி வந்து சேர்ந்தன. நிறுவும் கோப்பைப் பதிவிறக்கி உங்கள் வட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கடை நாளை எதை நீக்கினாலும் அது உங்களிடம் இருக்கும். திகில் ரசிகர்கள் இதைப் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. சோனியின் கடையில் 2014-இல் இலவசமாக வந்த ‘பி.டி.’ என்ற திகில் விளையாட்டு, அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு, முன்பு பெற்றவர்களும் மீண்டும் பதிவிறக்க முடியாமல் போனது. ஜிஓஜிக்கும் கறை இல்லாமல் இல்லை. அரசியல் சர்ச்சையால் 2019-இல் ஸ்டீமிலிருந்து விலக்கப்பட்ட தைவானிய விளையாட்டான ‘டிவோஷன்’ வெளிவரும் என்று 2020 டிசம்பரில் அறிவித்த அன்றே, விளையாட்டாளர்களிடமிருந்து வந்த செய்திகளைக் காரணம் காட்டிப் பின்வாங்கியது. வாடிக்கையாளர்கள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை, கோபம் வெகுநாள் நீடித்தது. ஜிஓஜியின் விமர்சனங்களில் நட்சத்திரங்கள் உண்டு. அங்கே வாங்கியவர் என்று உறுதிசெய்யப்பட்டவர்களுடையதை மட்டும் வடிகட்டிப் படியுங்கள்.

வாங்கிய பின் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவாயினும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஜிஓஜியில் 30 நாட்கள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே ஒருமுறை திறந்து, உங்கள் கணினியில் திணறாமல் ஓடுகிறதா, எழுத்துகள் படிக்கும் அளவில் உள்ளனவா, ஒலி சரியாக வருகிறதா என்று அரைமணி நேரம் சோதியுங்கள். ஆனால் திகில் வகையில் குறுகிய விளையாட்டுகள் அதிகம். ‘சம்மர் ஆஃப் 58’ என்ற விளையாட்டை 2021-இல் வெளியிட்ட எமிகா கேம்ஸ், அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் பலர் முழுவதும் விளையாடிவிட்டு, நல்ல விமர்சனமும் எழுதிவிட்டு, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சொல்லித் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. விதி அனுமதிக்கிறது என்பதற்காக, முடித்து ரசித்த ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது முறையன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

தள்ளுபடி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் இந்த வசதி வேறொரு விதத்தில் உதவும்: அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே குறைந்த விலைக்கு மீண்டும் வாங்குவதைத் தவறான பயன்பாடாகக் கருதுவதில்லை என்று வால்வ் தன் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. திரும்பி வரும் பணத்தை ஸ்டீம் வாலட்டில், அதாவது கடையிலேயே உள்ள உங்கள் பணக்கணக்கில், சேர்க்கும்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குத் திரும்பும் பணம் வந்து சேர்வதற்குள் தள்ளுபடி வாரமே முடிந்துவிடக்கூடும்.