தெருக் கோரிக்கையை மாமன்றத் தீர்மானமாக்குவது எப்படி: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கூடும் மாமன்றக் கூட்டம் பற்றிய செய்திகளில், பல பத்துத் தீர்மானங்கள் ஒரே நாளில் நிறைவேறியதாகப் படித்திருப்பீர்கள். இத்தனை தீர்மானங்களை ஒரே அமர்வில் எப்படி விவாதிக்க முடியும் என்ற ஐயம் எழுந்தால், அது நியாயமான ஐயமே. அவற்றில் பெரும்பாலானவை அங்கே விவாதிக்கப்படுவதில்லை. துறை அலுவலர்கள் முன்கூட்டியே எழுதி, மதிப்பீடு இணைத்து, ஆணையரின் ஒப்புதலோடு அனுப்பிய ‘பொருள்’ ஒவ்வொன்றும் எண் மட்டும் வாசிக்கப்பட்டு ஏற்கப்படுகிறது. ஆகவே உங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் வேண்டுமென்றால், கோரிக்கை பொருளாக எழுதப்படுவதற்கு முன்பே நீங்கள் உள்ளே நுழைந்துவிட வேண்டும்.

முதலில், கேட்கும் வேலை மாநகராட்சியுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றல், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவிளக்கு மாநகராட்சிக்கு உரியது என்றாலும் அருகிலிருக்கும் மின்மாற்றி மின்வாரியத்துக்கு உரியது. வடிகாலில் கழிவுநீர் கலந்து துர்நாற்றம் வீசுகிறது என்றால் இரண்டு அமைப்புகளுக்கும் தனித்தனியே மனு கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்; ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால், அது மற்றவருக்குரியது என்று இருவருமே குறிப்பெழுதி அனுப்பிவிடுவார்கள்.

சாலைகளிலும் இதே போன்ற ஒரு பிரிவு உண்டு. நகரில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் உட்புறச் சாலைகளை மண்டல அலுவலகங்கள் பராமரிக்கின்றன. பேருந்து செல்லும் சாலைகளைத் தலைமையகத்தில் உள்ள தனித்துறை கவனிக்கிறது. நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும் சாலைகளில் மாநகராட்சி எதுவும் செய்ய இயலாது. உங்கள் தெரு எந்த வகை என்பதை வார்டு உதவிப் பொறியாளரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த உதவிப் பொறியாளர்தான் இந்த வேலை முழுவதற்கும் ஆணிவேர். தோராய மதிப்பீடு அவருடைய மேசையில்தான் பிறக்கிறது. 1913 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லும் புகார் அடைப்பை நீக்க உதவும். புதிய வடிகாலைக் கட்ட உதவாது. புதிய பணிக்கு எழுத்து மனு தேவை. அதில் தெருவின் பெயர், வார்டு எண், தண்ணீர் தேங்கும் இடத்தின் தொடக்கமும் முடிவும், தோராய நீளம், எத்தனை நாள் தேங்குகிறது என்ற விவரம், அருகிலுள்ள வடிகால் எந்தத் தெருவில் முடிகிறது என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். தேதியிட்ட ஒளிப்படங்கள் இரண்டு மூன்று போதும். ‘பலமுறை சொல்லியும் நடவடிக்கை இல்லை’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. ‘மேற்குப் பக்கம் 120 மீட்டருக்கு வடிகால் இல்லை’ என்ற வரியை அவர் அப்படியே தம் குறிப்பில் எடுத்தெழுதிக்கொள்ளலாம். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகை முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

அதே மனுவின் நகலை மாமன்ற உறுப்பினரிடம் கொடுக்கும்போது, எந்த நிதியில் இதைச் செய்யலாம் என்றும் கேளுங்கள். உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 50 லட்சம் ரூபாயிலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வார்டு முழுவதற்கும் இவ்வளவுதான் என்னும்போது, சிறிய பணிகளுக்கே அது போதும். பெரிய வடிகாலுக்கு மூலதன நிதியோ அரசுத் திட்ட நிதியோ வேண்டும். வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தாக்கலாகிறது என்பதால், மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்த டிசம்பரிலேயே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பலர் அடுத்த அக்டோபரில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

மாமன்ற உறுப்பினர் தலைமையிலான வார்டு குழுவையும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையையும் விட்டுவிடாதீர்கள். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு சொல்கிறது. 74ஆவது திருத்தத்தின் வழியாக 1993 ஜூன் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியதோ 2022 நவம்பரில்தான். அங்கே பேசுவதைக் காட்டிலும், பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்ப்பது முக்கியம்.

இதன் பிறகு கோப்பு மேலே நகர்கிறது. பணியின் மதிப்பைப் பொறுத்து, அந்த மண்டலத்தின் மாமன்ற உறுப்பினர்கள் அடங்கிய மண்டலக் குழுவோடு முடியலாம். அல்லது பணிகள் நிலைக்குழுவுக்கும் அங்கிருந்து மாமன்றத்துக்கும் போகலாம். மாமன்றப் பொருள் கையில் கிடைத்தால் தலைப்போடு நிறுத்திவிடாமல் கடைசிப் பத்தியைப் படியுங்கள். ‘மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது’ என்றிருந்தால் பணி இன்னும் தொடங்கவில்லை. ‘மேயரின் முன் அனுமதி பெறப்பட்டு மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது’ என்றிருந்தால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அவசர வேலைகளுக்கு உரிய இந்த வழி அவசரமில்லாதவற்றுக்கும் பயன்படுகிறதா என்று கவனிப்பது உறுப்பினர்களின் கடமை. ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்பதை மறுப்பு என்று எண்ண வேண்டாம்; அடுத்த கூட்டத்துக்குள் உறுப்பினரைச் சந்திக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

எல்லாப் பொருள்களும் மாமன்றத்தின் கையில் இல்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தும் முடிவை எடுத்தது மாநில அரசு. மாமன்றம் மே மாதம் அதற்குத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தகைய பொருளில் உறுப்பினரின் வீட்டு வாசலில் நின்று பயனில்லை. தலைமைச் செயலகத்துக்கே மனு போக வேண்டும்.

தீர்மானம் நிறைவேறிவிட்டதென்று இனிப்பு வழங்கிவிடாதீர்கள். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு என்று இன்னும் பல படிகள் இருக்கின்றன. தீர்மான எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் அசைவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்யுங்கள். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காமல், பணி உத்தரவின் நகலையும் மதிப்பீட்டின் நகலையும், பணி நடந்திருந்தால், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்களின் நகலையும் கேளுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் பயனில்லையெனில் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும்கூடச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு இடமளிக்கிறது. வடிகால் சுவரின் கான்கிரீட் துண்டைக் கேட்டு ஒருவர் மனுச் செய்தார் என்ற செய்தி, அடுத்த ஒப்பந்ததாரரின் காதுக்கு வேகமாகப் போய்ச் சேரும்.

இவ்வளவு தாள்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற மாமன்றத்துக்கு ஐந்தாண்டு ஆயுள். அடுத்து வரும் உறுப்பினருக்கு உங்கள் தெருவின் பெயரே தெரியாமல் இருக்கலாம். தீர்மான எண்ணும் ஒப்புகைத் தேதியும் கொண்ட கோப்போடு போனால், அவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.