சிவனொளிபாத மலைக்கு ஏறுவோர் உலர்ந்த பெனியன் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள்

சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறும்போது, உலர்ந்த பெனியன் ஒன்றையும் சட்டை ஒன்றையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி எடுத்துச் சென்று, உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கடைசித் தேநீர்க் கடையிலோ தங்குமடத்திலோ, வியர்வையில் நனைந்த உடையைக் களைந்து அவற்றை அணிந்துகொள்ளுங்கள். இதற்கென விலை கூடிய குளிர்ச்சட்டை வாங்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் சாதாரண சுவெட்டர் ஒன்றை மேலே போட்டுக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து 5000க்கும் மேற்பட்ட படிகள் ஏறுகையில் உடை நனைந்துவிடுகிறது. சூரிய உதயத்துக்காக உச்சியில் அசையாமல் காத்திருக்கும்போது அந்த ஈரம் காற்றில் ஆவியாகி உடற்சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைவதால், 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலையுச்சி நமது மட்டக்களப்புக் கரையைவிட 13 பாகையளவு குளிர்ந்திருக்கும் என்பதைக் கடற்கரை வெக்கைக்குப் பழகிய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அடிவாரத்திலிருந்தே சுவெட்டரை அணிந்து ஏறுவதும் தவறு, அது வியர்வையைக் கூட்டவே செய்யும்.

மழை பெய்யும் இரவில் மழையங்கி இல்லாவிட்டால் மாற்றுடையும் நனைந்துவிடும் என்பதால் இம்முறை உதவாது. குடும்பிமலை போன்ற தாழ்ந்த மலைகளுக்குப் பகலில் செல்வோருக்கு இது தேவையுமில்லை. அந்தச் சுமைக்குப் பதிலாக இன்னுமொரு போத்தல் தண்ணீர் கொண்டு செல்வதே நல்லது.