2011 கோப்பையை வென்றது யார்? இணையப் போருக்குப் புதிதாக வருவோருக்கான செய்முறை

கிரிக்கெட் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று நம்பி இணைய ரசிகர் சண்டை என்ற இந்தத் துறைக்குள் வந்து அடிவாங்கிப் போனவர்கள் ஏராளம். பார்க்கத் தெரியவே வேண்டாம். போரைத் திணை திணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். அந்த வரிசையில் போனாலே முக்கால் கிணறு தாண்டிவிடலாம்.

பயிற்சிக்கு ஒரு ஆட்டம் வேண்டும். 2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே, உலகக் கோப்பை இறுதி. இலங்கை 274, இந்தியா 48.2 ஓவரில் 277. கம்பீர் 97, தோனி அவுட் ஆகாமல் 91. கோப்பை அன்று இரவே கைக்கு வந்துவிட்டது. வாங்கித் தந்தது யார் என்ற வழக்குதான் இன்னும் நடக்கிறது.

தேவையான பொருட்கள்: போன் ஒன்று, அன்றைய டேட்டாவில் பாதியாவது மிச்சம், மறுநாள் காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாத ஒரு இரவு.

படி 1: பூச் சூடுதல்

அந்தக் காலத்தில் வெட்சிப் பூவையோ தும்பைப் பூவையோ சூடிக்கொண்டு களத்துக்குப் போனார்கள். நாம் டிபி மாற்றுகிறோம். சொந்த முகம் கூடாது. பெயருக்குப் பின்னால் எண் கட்டாயம்: தோனி என்றால் 7, கோலி என்றால் 18, ரோஹித் என்றால் 45.

இங்கே தொடக்கநிலையாளர் குழம்புகிற ஒரு நுட்பம் உண்டு. கம்பீருக்காகக் கத்துகிறவர்களில் பெரும்பாலோர் கம்பீர் ரசிகர்கள் அல்லர். தோனியை அடிக்க வேறு படைகள் வாடகைக்கு எடுத்த வேல் அது. ஐபிஎல் வந்ததும் அதே ஆட்கள் கம்பீரையும் திட்டுவார்கள். அதிர்ச்சி அடையக் கூடாது.

படி 2: வெட்சி

வெட்சி என்பது பகைவனின் மாடுகளை இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு வருவது. இன்று ஸ்கிரீன்ஷாட். எதிராளி என்றோ எழுதியதை ஓரம் வெட்டி, தேதி தெரியாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெட்டாத முழுப் படத்தோடு வந்தால் அது கரந்தை, அதாவது மாடு மீட்டல். பதறாமல் அடுத்த மாட்டை ஓட்டுங்கள்.

படி 3: சலித்தல்

கலையின் உயிர்நாடி இதுதான். பொதுமக்கள் கணக்கைப் பார்த்து முடிவுக்கு வருவார்கள். ரசிகர் சோற்றை வடித்து இறக்கிவிட்டுத்தான் அரிசி வாங்கப் போவார்.

கம்பீர் தரப்பில் நிற்கிறீர்களா? பந்து எண்ணிக்கையை வாயிலேயே எடுக்காதீர்கள். சேவாக் இரண்டாவது பந்திலேயே போனார், சச்சின் 18, ஸ்கோர் 31க்கு 2, அப்போது மலை போல நின்றவர் யார் என்று கேளுங்கள். கூடவே, இறுதிக்கு முன் அந்தத் தொடர் முழுவதும் தோனி ஒரு அரைசதம்கூட அடிக்கவில்லை என்பதைச் சும்மா நினைவுபடுத்துவது போலப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

தோனி தரப்பா? பந்து எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் பேசாதீர்கள். தோனி 79 பந்தில் 91, கம்பீர் 122 பந்தில் 97. 114க்கு 3 என்று இருந்தபோது யுவராஜுக்கு முன்னால் தானே இறங்கினார். இலங்கையின் சுழல் பந்துவீச்சாளர் முரளிதரன் ஐபிஎல்லில் தோனியின் சென்னை அணியில் ஆடியவர், அவர் பந்தை வலைப்பயிற்சியிலேயே படித்து வைத்திருந்தார் என்பதையும் சேருங்கள். முரளிக்கு அன்று விக்கெட் இல்லை. குலசேகரா பந்தில் அடித்த அந்தக் கடைசி சிக்ஸரின் வீடியோவைத் தயாராக வைத்திருங்கள், வாதம் தீரும் இடத்திலெல்லாம் அதுதான் வாதம்.

இரண்டு தரப்பும் சொல்வது அத்தனையும் உண்மை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பொய் சொல்வது கற்றுக்குட்டிகளின் வேலை.

யுவராஜ் அந்தத் தொடரில் 362 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனவர். அவர் பெயரைச் சொன்னால் இரு பக்கமும் ஒரு நிமிடம் மரியாதையாகத் தலைகுனிந்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார்கள்.

படி 4: கலைச்சொற்கள்

எதிராளி காட்டும் ஆதாரம் ‘உருட்டு’. அதே ஆதாரத்தை நாம் காட்டினால் ‘ஃபேக்ட்’. அவர் தன் வீரருக்காகப் பேசினால் ‘முட்டு’, கொஞ்சம் நீளமாகப் பேசினால் ‘கம்பு சுத்துறது’. அவர் பதில் போட்டால் ‘கதறல்’. பதிலே போடாவிட்டாலும் ‘கதறல்’தான், சத்தம் வரவில்லை, அவ்வளவே. நமக்கு வருவது ஆதங்கம், அவருக்கு வருவது ‘வன்மம்’.

படி 5: நொச்சி

கோட்டையைக் காப்பது. உங்கள் ஐபிஎல் அணி சென்னை என்றால், அதன் 2016, 2017 தடையைப் பற்றி எவராவது பேச்செடுப்பார். உடனே 2017 ஏப்ரல் 23, ஈடன் கார்டன்ஸ், பெங்களூரு 49 ஆல் அவுட் என்று போடுங்கள். எதிராளி பெங்களூரு ரசிகர்தானா என்று பார்க்கத் தேவையில்லை.

படி 6: வாகை

வெற்றியை அறிவிக்க நடுவர் கிடையாது, ஆகவே முதலில் அறிவிப்பவர் வென்றவர். “சரி ப்ரோ, போய் தூங்கு” என்பது மரபான வாய்பாடு. எதிராளியும் அதே நொடியில் அதையே அனுப்பியிருப்பார். இருவரும் தூங்கப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். யாரும் செய்யக் கூடாத ஒன்றைப் போன மாதம் நான் செய்தேன். சண்டையின் நடுவே ஸ்கோர் கார்டைக் கூட்டிப் போட்டேன்: கம்பீர் 97, தோனி 91, கோலி 35, யுவராஜ் 21, சச்சின் 18, சேவாக் 0. மொத்தம் 262. இலங்கையின் 274ஐ அது தொடவே இல்லை. மிச்சம் 15 உதிரிகள், அதாவது எவர் கணக்கிலும் சேராத ரன்கள். ரசிகர் மன்றமோ டிபியோ இல்லாத அந்தப் பதினைந்துக்கும் கோப்பையில் பங்குண்டு என்றேன்.

தோனி தரப்பு என்னைக் கம்பீர் சொம்பு என்றது. கம்பீர் தரப்பு தோனிக்கு முட்டு என்றது. ஒருவர் மட்டும் நிதானமாக, “அதுல வைடு எத்தனை ப்ரோ?” என்று கேட்டார். எட்டு என்றேன். பிளாக் செய்துவிட்டார்.